திருகத் திருகத் தீராத 85

சொன்னால் நம்பமாட்டீர்கள், என் கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் என்று ஒன்று இருப்பதே இப்போதெல்லாம் மறந்துபோகிறது. எல்லாம் இந்த சாம்யாங் 85 மி.மீ. எஃப்/1.4 செய்த வேலை. மோட்டார் கிடையாது, அபர்ச்சரைக்கூட லென்ஸில் உள்ள வளையத்தைத் திருகித்தான் வைக்க வேண்டும். ஆனால் அடடா, என்ன லென்ஸ்!

தென்கொரியத் தயாரிப்பு, 2009இல் வந்தது. அமெரிக்காவில் இதையே ரோக்கினான் என்ற பெயரிலும் விற்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் 85 எஃப்/1.4 விலையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்பியது இதுதான். நான் சோனி ஏ7 மார்க் 3இல் மாட்டியிருக்கிறேன்.

செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்துக்குப் போயிருந்தேன். ஒப்பனைக் கொட்டகையில் ஒரே ஒரு குண்டு பல்பு. துரியோதனன் வேஷக்காரர் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குக் கீழே கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தேன். அதைவிட நெருங்கினால் இந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. 1.4இல் திறந்து வைத்தால், அந்தத் தூரத்தில் தெளிவாக விழுவது சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கரைந்துவிடும்!

“என்ன தம்பி, இவ்வளவு நேரமா திருகுறீங்க?”

“உங்க கண்ணுக்குத்தான் வாத்தியாரே.”

சிரித்தார். அந்த நொடியில் அழுத்தினேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது. இமைமுடியில் ஒட்டியிருந்த அரிதாரத் தூள் தனித்தனியாகத் தெரிகிறது. பின்னால் தொங்கிய கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் ஒளிவட்டங்களாக மிதக்கின்றன. இதற்காகவே சொத்தை எழுதி வைக்கலாம்!

ஃபோகஸான இடத்தை வண்ணத்தால் காட்டும் பீக்கிங் வசதியை மட்டும் நம்பாதீர்கள். 1.4இல் அது கண், புருவம், மூக்கு எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசிக்காட்டும். வியூஃபைண்டரில் கண்ணைப் பெரிதாக்குங்கள், வளையத்தைத் திருகி நெருங்குங்கள், கடைசித் துளிக்கு உடம்பையே லேசாக முன்னும் பின்னும் சாயுங்கள். கை பழகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆரின் ஆப்டிகல் வியூஃபைண்டரில் இது பெரும்பாடு. அதன் திரை 1.4இன் மெல்லிய ஆழத்தை உள்ளபடி காட்டாது. மிரர்லெஸ் வந்த பிறகுதான் இந்த லென்ஸுக்கு நிஜமான கல்யாண யோகம்.

மாட்டியதும் ஷட்டர் அசையவில்லையே என்று பதறாதீர்கள். லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளாது. ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற அமைப்பை மெனுவில் இயக்குங்கள். ஸ்டெடிஷாட்டில் 85 என்று நீங்களே குறியுங்கள், கை நடுக்கம் அடங்கும். எந்த அபர்ச்சரில் எடுத்தோம் என்று படத்தில் பதிவாகாது. போகட்டும்!

உச்சி வெயிலில் 1.4 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 100இல்கூட 1/8000 ஷட்டர் போதாமல் போகும், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவை. வெள்ளை வேட்டி ஓரத்தில் ஊதா நிறமும் கசியும். 2.8க்கு மூடினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் மூடுவதற்கு யாருக்கு மனசு வரும்?

முகம் எடுக்க ஆசை இருந்து பட்ஜெட் இடிக்கிறதா? பழையதாக ஒன்றைத் தேடுங்கள். வளையம் சீராகச் சுற்றுகிறதா, தூரத்துக் கோபுரம் தெளிவாக விழுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஓடியாடும் குழந்தைகளுக்கு இது ஒத்துவராது. உட்கார்ந்து பேசுகிற மனிதர்களுக்கு இந்த விலையில் இதை அடிக்க ஆளில்லை.