இருப்பும் இசைவும்: பிரதிநிதித்துவத்தை அளத்தல்

சிங்கப்பூர் இந்தியரின் அரசியல் பிரதிநிதித்துவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையிலேயே முடிவடைகின்றன. 1988இல் அறிமுகமான குழுத்தொகுதி முறை, ஒவ்வொரு வேட்பாளர் குழுவிலும் சிறுபான்மையினர் ஒருவரேனும் இடம்பெறுவதைக் கட்டாயமாக்கியது. இதனால் நாடாளுமன்றத்தில் அவர்களின் இருப்பு உறுதிப்பட்டது. ஆயினும், உறுப்பினர் நம் இனத்தவராக இருப்பதும் அவர்தம் கருத்து நம் கருத்தோடு இசைவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை ஹன்னா பிட்கின் 1967இலேயே தம் நூலில் தெளிவுறுத்தினார்.

இசைவை அளப்பது எங்ஙனம்? அமெரிக்காவில் மில்லர், ஸ்டோக்ஸ் ஆகியோர் 116 தொகுதிகளின் வாக்காளர் கருத்தையும் உறுப்பினர் கருத்தையும் ஒப்பிட்டு 1963இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முன்னோடி. அவர்கள் கையாண்ட ஒட்டுறவுக் கெழுவை ஆக்கன் 1978இல் மறுத்தார். அவர் மறுப்பை ஆசிரியர்கள் எளிதில் உணரலாம். ஒரே விடைத்தாள்களை இருவர் திருத்துகின்றனர்; ஒருவர் அனைவருக்கும் 20 மதிப்பெண் குறைத்தே வழங்குகிறார். தரவரிசை மாறாது, ஒட்டுறவும் முழுமையாகவே இருக்கும். மதிப்பெண்களோ வேறு. அவ்வாறே, ஒட்டுறவு மிக்கிருந்தும் உறுப்பினர் மக்களினின்று வெகுதொலைவில் நிற்கக்கூடும்.

சிங்கப்பூரில் இச்சிக்கல் மேலும் வலுக்கிறது. கொறடாவின் கட்டுப்பாடு உள்ளவரை, அவையில் பதிவாகும் வாக்கு கட்சியின் நிலைப்பாட்டையே காட்டும். 2022இல் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை நீக்கும் மசோதாவின்போது பாட்டாளிக் கட்சி அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. எதிர்த்து விழுந்த 3 வாக்குகளுள் 2 அக்கட்சியினருடையவை. கட்டுப்பாடு தளர்ந்தபோதே கருத்து வேறுபாடு கண்ணுக்குப் புலனாயிற்று. தேர்தல் முடிவும் இதற்கு மாற்று அளவுகோலாகாது. 2025இல் மக்கள் செயல் கட்சி 65.57 விழுக்காட்டு வாக்குகளுடன் 97 இடங்களுள் 87ஐ வென்றது. அவ்வெண்கள் கட்சிகளின் பலத்தையே உரைக்கின்றன.

யாருடைய கருத்தோடு ஒப்பிடுவது என்பது அடுத்த வினா. 2015ஆம் ஆண்டின் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவில் கூடுதல் கட்டுப்பாடுகளை விதித்தது. சிராங்கூன் சாலை வணிகர்கள் தாம் குடியிருக்கும் தொகுதியில் வாக்களிக்கின்றனர். ஞாயிறுதோறும் அங்குக் கூடும் வெளிநாட்டுத் தமிழ்த் தொழிலாளர்க்கோ வாக்குரிமையே இல்லை. தொகுதிவாரி ஒப்பீடு இவ்விரு சாராரையும் தவறவிடும்.

எனவே, ஒரே வினாவை இருசாராரிடமும் கேட்டு, சராசரியோடு கருத்துகளின் பரவலையும் ஒப்பிடுதல் வேண்டும் என்பதே நமது துணிபு. அவ்வினா நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரே பொருள் தருவதாக அமைதல் இன்றியமையாதது. தமிழ் வினா சற்றே பிறழினும் தமிழரின் கருத்தே பிறழ்ந்ததாகக் கணக்கிடப்படும். அதனைத் தடுக்கும் பொறுப்பு தமிழாசிரியர்க்கும் உண்டு.