குழந்தை நூல்களும் நம் இல்லத்துக் குழந்தைகளும்

தமிழில் குழந்தைகளுக்கென எழுதுவோர் ஓர் அமைப்பாகக் கூடியது 1950ஆம் ஆண்டில். அவ்வாண்டு சென்னையில் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர், வங்கிப் பணியாளராக இருந்துகொண்டே பாட்டெழுதிய கவிஞர் அழ. வள்ளியப்பா. அவருடைய பாடல்கள் நம் இல்லங்களிலும் ஒலித்தவையே. எழுபத்தோர் ஆண்டுகள் கழித்து, 2021இல், தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் பிறந்தது. உதயசங்கர் தலைவராகவும் விழியன் செயலாளராகவும் பொறுப்பேற்றுத் தொடங்கிய அமைப்பு அது. இவ்விரு சங்கங்களின் பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு சொல் புதிதாக வந்து அமர்ந்திருப்பதைக் காணலாம். அது ‘கலைஞர்கள்’ என்னும் சொல். இவ்வளவு காலமும் திண்ணையில் அமர்ந்திருந்த ஓவியர் அச்சொல்லின் வழியே வீட்டுக்குள் அழைக்கப்பட்டிருக்கிறார். அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய குழந்தை நூல் எழுத்தாளர் சங்கமும் ஓவியர்களைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதை எண்ணும்போது, இது பாராட்டத்தக்க தொடக்கமே.

ஆயினும் பெயரில் இடம் கிடைத்தவருக்குப் பந்தியில் இடம் கிடைத்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வை எடுத்துக்கொள்வோம். அதில் வந்த விக்கிரமாதித்தன் கதைகளில் ஒன்றையேனும் இன்று முழுமையாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் உருவிய வாளும் தோளில் தொங்கும் உடலுமாக மன்னன் நடந்துசெல்லும் அந்தச் சித்திரத்தை மறந்தவர் எவரும் இல்லை. அதை வரைந்த சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் 1952இல் அவ்விதழில் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக வரைந்தார். 2020இல் தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார். பத்மஸ்ரீ விருது அவர் மறைந்தபின், 2021இல்தான் வந்தது. கதையைத் தாங்கி நின்ற கைக்கு நாடு மரியாதை செய்ய எத்துணைக் காலம் பிடித்தது பாருங்கள்!

சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் என்னும் விருதை வழங்கிவருகிறது. தமிழில் முதல் விருது ம. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்குக் கிடைத்தது. பின்னர் 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2024இல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ எனப் பட்டியல் வளர்ந்தது. இவற்றுள் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நம் குடும்பங்கள் அனைத்தும் வாங்கிவைக்க வேண்டிய நூல் என்பது என் கருத்து. தகாத தொடுதலைப் பற்றிப் பெற்றோர் பேசக் கூசுகின்ற செய்தியை ஒரு மரப்பாவையின் வாயிலாகச் சிறுமியின் காதில் சொல்லிவிடுகிறது அது. ஆனால் விருது எழுதியவருக்கு மட்டுமே உரியது. படம் வரைந்தவர் மேடையில் இல்லை. பெரும்பாலான தமிழ்ச் சிறார் நூல்களில் அவர் பெயர் இரண்டாம் பக்கத்தில், பதிப்பு விவரங்களுக்கிடையே, எறும்பு போன்ற எழுத்தில் ஊர்ந்து செல்கிறது. அமெரிக்க நூலகச் சங்கமோ 1938 முதல் படநூல் ஓவியருக்கென்றே கால்டிகாட் பதக்கம் வழங்கிவருகிறது. நம் நாட்டிலும் டாட்டா அறக்கட்டளையின் பராக் அமைப்பு 2016இல் நிறுவிய விருதில் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் தனித்தனி இடம் உண்டு. அகாதெமி இதைக் கண்டுகொள்ளாதிருப்பதற்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

ஓவியரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் படத்தைப் படித்துவிடும். அந்தப் படங்களில் முஸ்லிம் பிள்ளை எப்படி வருகிறது? தலையில் தொப்பி இல்லாமல் அது விளையாடுவதே இல்லை. அதன் வீட்டுச் சுவரில் பிறை தொங்குகிறது, அடுப்பில் பிரியாணி வேகிறது. பெருநாள் வந்தால் கதைக்குள் வருகிறது, பெருநாள் முடிந்தால் போய்விடுகிறது. கணக்கில் தோற்று அழும் பிள்ளையாக, சைக்கிள் ஓட்டிப் பழகும்போது முட்டியைச் சிராய்த்துக்கொள்ளும் பிள்ளையாக அது வருவது அரிது. நல்லெண்ணத்தோடு வரைகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விருந்தாளியை வரைகிறார்கள், வீட்டுப் பிள்ளையை அல்ல.

மொழியிலும் இதே குறை. கதையில் முஸ்லிம் சிறுவன் தந்தையை அழைத்தால் அது ‘வாப்பா’வாகவே இருக்கிறது. கடற்கரை ஊர்களில் அது சரி. கொங்கு நாட்டு இராவுத்தர் வீடுகளில் ‘அத்தா’ என்றல்லவா பிள்ளைகள் ஓடிவருகின்றன? உருது பேசும் வீடுகளில் ‘அப்பா’வும் ‘அப்பூ’வும் ‘அப்பாஜான்’ என்பதும் கேட்கும். ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியாது. அந்த ஒரு சொல்லில்தான் பிள்ளை கதைக்குள் நுழைகிறது, அல்லது வாசலிலேயே நின்றுவிடுகிறது.

தமிழ் எழுத்தில் மிகப் பரவலாக அறியப்பட்ட முஸ்லிம் சிறுமி யார் என்று கேட்டால், இரா. நடராசனின் ‘ஆயிஷா’ என்றே விடை வரும். அக்கதையின் புகழ் ஆசிரியருக்கே ‘ஆயிஷா நடராசன்’ என்னும் பெயரைத் தந்துவிட்டது. ஓயாமல் கேள்வி கேட்டதற்காக வகுப்பில் அடிபடும் சிறுமி, அடி வலிக்காதிருக்க வழிதேடித் தன் உடம்பிலேயே சோதனை செய்து உயிரிழக்கிறாள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரைத் தாங்கிய ஒரு பிள்ளை கேள்வியின் வடிவாகவே நிற்பது நமக்கு நெஞ்சைத் தொடும் பொருத்தம். அது ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட கதை, குழந்தைகளுக்காக அன்று. அவ்வகையில் அது வென்றது. எனினும், எல்லாரும் அறிந்த அந்த ஒரே முஸ்லிம் சிறுமியும் கதை முடிவில் உயிரோடில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பத்து வயதுப் பெண்பிள்ளையின் கையில், ‘இதோ உன்னைப் போன்ற ஒருத்தி’ என்று அதை நான் கொடுக்கமாட்டேன்.

குற்றத்தைப் பிறர்மேல் மட்டும் சுமத்துவதும் நியாயமாகாது. நம் சமூகத்து இதழ்களில் சிறுவர் பகுதி என்று வருவதை எண்ணிப் பாருங்கள். நீதிபோதனை ஒன்று, வினா விடை பத்து, நிறம் தீட்டப் பள்ளிவாசல் படம் ஒன்று. சிரிப்பு எங்கே? குறும்பு எங்கே? இத்தனைக்கும் வினாவையே இலக்கியமாக்கியவர்கள் நம் முன்னோர். வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறியது. இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் இலக்கியங்களில் அதுவே மூத்தது. ‘நூறு மசலா’வோ அரசகுமாரி ஒருத்தி போடும் புதிர்களை ஒருவன் அவிழ்க்கின்ற கதை. படங்களோடு சிறுவர்க்கு மறுபடி சொல்ல இதைவிட வாகான பொருள் கிடைக்குமா? எழுதுவதற்கு நம்மவர் முன்வராதவரை, விருந்தாளியாக வரைந்துவிட்டார்கள் என்று குறைப்படுவதில் பாதி உரிமையே நமக்கு உண்டு.

இனி மூன்றாமவருக்கு வருவோம். எழுத்தாளரும் ஓவியரும் சங்கம் வைத்துக்கொண்டார்கள். படிக்கும் பிள்ளைக்குச் சங்கம் ஏது? முன்னர் தனி நகராட்சியாக இருந்து இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட வேலம்பாளையத்தில் வாழும் பிள்ளையை நினைத்தே இதைக் கேட்கிறேன். பெற்றோர் நாள்தோறும் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று சிறார் எழுத்தாளர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரை மணிக்குமேல் வீடு திரும்பும் தாய் எந்நேரம் படித்துக் காட்டுவாள்? அவள் வருமுன் பிள்ளை உறங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பம் இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெருவில் கற்ற மொழி. இவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் தனியே உட்கார்ந்து படிக்கத் தக்கதாக, சொல் குறைந்து படம் மிகுந்ததாக, இயன்றால் இருமொழியில் இருக்க வேண்டும். சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படநூல்களில் நல்ல வழி காட்டியிருக்கிறது. பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களும் நுழை, நட, ஓடு, பற எனப் படிப்படியாகத் தரம் பிரித்து, பிள்ளை தானே ஏறிச்செல்ல வகைசெய்தன. நூல் வீட்டுக்கு வர முடியாத இடத்தில் பள்ளிக்கேனும் வந்து சேர்ந்தது பெரிய காரியம்.

தூலிகா நூல்களில் ஒன்றை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஃபவ்சியா கிலானி வில்லியம்ஸ் எழுதி, புரொய்தி ராய் படம் வரைந்த ‘இஸ்மத்ஸ் ஈத்’. இஸ்மத் என்னும் செருப்புத் தைப்பவர் பெருநாளுக்குக் குடும்பத்தார் எல்லாருக்கும் பரிசு வாங்குகிறார். தமக்கு வாங்கிய கால்சட்டையோ நீளமாகிவிடுகிறது. வீட்டுப் பெண்களிடம் குறைத்துத் தரக் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் பெருநாள் வேலை. தாமே வெட்டித் தைத்துக்கொள்கிறார். பிறகு மனம் பொறுக்காமல் ஒருவர்பின் ஒருவராக வந்து, மற்றவர் வெட்டியது அறியாமல், ஆளுக்குக் கொஞ்சம் வெட்டித் தைத்துவிடுகிறார்கள்! பிறை இல்லாமலே இது பெருநாள் கதையாக நிற்கும். அன்பினால் நேரும் குழப்பத்தைக் கண்டு பிள்ளை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் உபதேசம் ஏதுமில்லை.

வேலம்பாளையத்துப் பிள்ளை இக்கதையைப் படித்தால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் கேட்காத கேள்விகளைக் கேட்கும். அளவு எடுக்காமல் ஏன் வெட்டினார்கள்? வெட்டிய துண்டுகள் எங்கே போயின? கட்டிங் மேசையடியில் குவியும் துண்டுத்துணியில் பொம்மை கட்டி விளையாடிய பிள்ளை அது. ஓவர்லாக் தையலுக்கும் சாதாரணத் தையலுக்கும் வேறுபாடு கண்டு சொல்லும். கப்பல் ஏறவேண்டிய சரக்கு பெருநாளை ஒட்டி வந்துவிட்டால் அத்தா தொழுகை முடிந்த கையோடு கம்பெனிக்குப் போய்விடுவார் என்பதையும் அறியும். இந்தப் பெருநாளை எழுதவும் வரையவும், இவ்வூர்ச் சந்துகளில் வளர்ந்து இன்று கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்களுக்கும் பெண்மக்களுக்கும் கை இருக்கிறது. 2021இல் பிறந்த சங்கத்தார் திருப்பூருக்கு வந்தால் முதலில் சந்திக்க வேண்டியவர்கள் அவர்களே.