கோடிங் இல்லாத ஐடி

ஜனவரியில் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் ஆங் மோ கியோ காப்பிக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. கூட்டு மாணவர் சேர்க்கையில் 12 விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். கையில் இருப்பதோ சில நாள். அப்படியொரு மாலையில் எங்கள் புளோக்கின் நாலாம் மாடிக்காரர் மகளோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மகள் கைப்பேசியில் சுடோகு விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மாதான் பேசினார்.

“அண்ணே, பிள்ளைக்குக் கோடிங் பிடிக்கல. கணக்குன்னாலே முகம் சுளிக்கிறா. ஆனா ஐடிலதானே சம்பளம் இருக்கு? கோடிங் இல்லாத ஐடி கோர்ஸ் எதுண்ணே?”

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்விதான். ஆனால் சிங்கப்பூரில் நூற்றுக்கணக்கான வீடுகள் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பிள்ளையின் அடுத்த ஏழெட்டு ஆண்டுகளை முடிவு செய்கின்றன. நிரலாக்கமும் கணிதமும் வேண்டாம், கணினிப் பட்டம் மட்டும் வேண்டும் என்ற இந்த வழக்கத்தில் நியாயம் எவ்வளவு, ஏமாற்றம் எவ்வளவு என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் சம்பளம், அங்கிருந்துதான் பேச்சே தொடங்குகிறது. பட்டதாரி வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பின்படி எல்லாத் துறைகளையும் சேர்த்துப் புதிய பட்டதாரிகளின் இடைநிலை மாதச் சம்பளம் 2023இல் 4,313 வெள்ளி, 2024இல் 4,500 வெள்ளி. கணினித் துறையினர் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி மேலே தொடங்கிவந்தார்கள். நாலாம் மாடிக்காரர் சொன்னதில் பிழையில்லை. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் 84.1 விழுக்காட்டிலிருந்து 79.5க்கு இறங்கியிருந்தார்கள். அந்த எண்ணைக் காப்பிக்கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது பாயிண்ட், அதாவது தேர்வுத் தரங்களின் கூட்டு; குறைந்தால் நல்லது. சென்ற ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து, குறைந்த பாயிண்ட் கேட்கும் படிப்பை உயர்ந்த சரக்காகவும், கூடுதல் பாயிண்ட்டுக்கும் கிடைப்பதைக் கழித்த சரக்காகவும் எடைபோடுவது நம் ஊர்ப் பழக்கம். பத்துப் பாயிண்ட் எடுத்த பிள்ளை சமூகப் பணி படிக்கிறேன் என்றால், “பாயிண்ட்டை வீணாக்காதே” என்பார்கள். சந்தையில் மிச்சக் காசுக்கு எதையாவது வாங்கிப் போடுவதுபோல் பாயிண்ட்டையும் செலவழித்தே ஆகவேண்டும்! பிடிக்காத படிப்புக்குள் பிள்ளைகளைத் தள்ளுவதில் சம்பளத்தைவிட இந்தக் கணக்குக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

இந்த வழக்கத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கணினித் துறை என்பது கோடிங் மட்டும் அல்ல. 1981இல் தேசியக் கணினி வாரியம் தொடங்கி அரசாங்க அலுவலகங்களைக் கணினிமயமாக்கப் புறப்பட்டபோது, நிரல் எழுதுபவர்கள் மட்டும் இருந்து காரியம் நடந்திருக்காது. ஓர் அலுவலகத்தில் தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று கேட்டறிந்து எழுதித்தர ஆள் வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிஸ்டம்ஸ் சயன்ஸ் கழகம், வேறு துறைகளில் பட்டம் பெற்றவர்களுக்கும் சிஸ்டம் அனாலிசிஸ் கற்றுத்தந்தது. இன்றும் வங்கிகளில் தகவல் பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று தணிக்கை செய்பவர், மருத்துவமனைச் செயலி தாதியருக்குப் புரிகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பவர், வாடிக்கையாளர் கேட்பதைப் பொறியாளருக்குப் புரியும்படி சொல்பவர் எல்லாரும் இத்துறை ஆட்கள்தாம். அவர்களில் பலர் வாரக்கணக்கில் ஒரு வரி நிரல்கூட எழுதுவதில்லை.

பதினாறு வயதில் வரும் வெறுப்பை எவ்வளவு நம்பலாம் என்பதும் கேள்விதான். நம் சமூகத்துக்குக் கணக்கோடு ஒரு பழைய வழக்கு உண்டு. இந்திய மாணவர்கள் கணிதத்தில் பின்தங்குகிறார்கள் என்ற கவலை, 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா அமைக்கப்பட்டதன் பின்னணியில் இருந்த காரணங்களில் ஒன்று. அன்று முதல் சனிக்கிழமைத் துணைப்பாடம், தேர்வுத்தாள், சிவப்பு மை என்றே கணக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளை “எனக்குக் கணக்குப் பிடிக்காது” என்றால், அது கணக்கைப் பற்றிய செய்தியா, கடிகாரத்தைப் பார்த்தபடி எழுதிய தேர்வைப் பற்றிய செய்தியா?

நிரலாக்கத்துக்கென்றே பிறந்தவர்கள் உண்டு என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. 2006இல் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெஹ்னாடியும் போர்னட்டும், நிரல் எழுத வருபவர்களையும் வராதவர்களையும் முதல் வகுப்புக்கு முன்னரே ஒரு சோதனையால் பிரித்துவிடலாம் என்று எழுதிய கட்டுரை கணினி ஆசிரியர்களிடையே வெகுவாகப் பரவியது. 2014இல் போர்னட்டே அந்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷாண்டல் பிராட் குழுவினர், பைத்தான் கற்றுக்கொண்ட 36 பேரை ஆராய்ந்தார்கள். கற்றலின் விளைவுகளில் இருந்த வேறுபாட்டில் மொழித்திறன் சராசரியாக ஏறத்தாழ 17 விழுக்காட்டை விளக்கியது, எண் திறன் 2 விழுக்காட்டை மட்டும்தான். சிறிய ஆய்வு, அதன்மேல் பெரிய கோட்டை கட்டக்கூடாது. ஆனாலும் தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்து கணக்கில் தடுமாறும் பிள்ளையை முதல் நாளே வாசலில் நிறுத்தக்கூடாது என்பதற்கு இது போதும்.

இவ்வளவு தூரம் நான் அம்மாவின் கட்சி. இனிமேல்தான் சங்கடம்.

“கோடிங் பிடிக்காதா, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் எடு” என்பது மாமாக்களின் அருள்வாக்கு. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிப்பில் முதலாண்டிலேயே பைத்தான் காத்திருக்கிறது, பக்கத்திலேயே தரவுத்தளமும் இணையச் செயலி உருவாக்கமும். அதற்குப் பயந்து பிசினஸ் அனலிட்டிக்ஸ் பக்கம் ஓடினால் புள்ளியியல் பிடித்துக்கொள்ளும். இணையப் பாதுகாப்பு என்று படத்தில் பார்த்த ஹேக்கரை நினைத்துப் போனால், குறியாக்கவியலின் அடியில் வகுத்து மீதி காணும் கணிதமும் பகா எண்களும் படுத்திருக்கும். கதவுகள் பல, உள்ளே கூடம் ஒன்றுதான். பெயர்ப்பலகையைப் பார்த்துத் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பதுதான் இந்த வழக்கத்தின் முதல் ஏமாற்றம்.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு கிடையாது. பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண்ணில் 100 கணக்குக்கே போய்விடும், உள்ளே போனவுடன் எம்-1 என்ற முதல் கணிதத் தாளின் அரியர் வந்து மீதியைச் சொல்லிக்கொடுக்கும். இங்கே தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்குக் கணக்கில் ஓரளவு தேர்ச்சியிருந்தால் போதும். தாராளமான வாசல், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தாண்டியவுடன் பாதை வெளியே தெரியாமல் இறுகத் தொடங்குகிறது. எங்கள் அவென்யூ 8இல் இருக்கும் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அங்கே மூன்றாண்டு டிப்ளோமா முடித்தவர் அதே துறையில் பட்டம் படித்தால் சில பாடங்களுக்கு விலக்குக் கிடைக்கும், வேறு துறைக்கு மாறினால் அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும். ஆகவே 17 வயதில் அரைமனதாகப் போட்ட டிக், 20 வயதில் நியாயமான தேர்வாக வேடம் போட்டுக்கொள்கிறது. பையன்களுக்கு நடுவில் இரண்டாண்டு தேசிய சேவை வேறு. முதலிலேயே பிடிக்காத கால்குலஸ் அதற்குள் துருப்பிடித்திருக்கும்.

இரண்டாவது ஏமாற்றம் குழுப்பணி. கணினிப் படிப்பில் ஒப்படைப்புகள் பெரும்பாலும் நாலைந்து பேர் சேர்ந்து செய்பவை. கோடிங் பிடிக்காதவர் என்ன செய்வார் தெரியுமா? அறிக்கை எழுதுவார், ஸ்லைடு செய்வார், விளக்கவுரையில் முன்னால் நின்று பேசுவார். நன்றாகவே பேசுவார், மதிப்பெண்ணும் வரும். இப்படியே பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த ஒருவரை நான் அறிவேன். முதல் நேர்காணலில் வெள்ளைப்பலகை முன் நின்ற பதினைந்து நிமிடத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை அவர் வாய்திறக்கமாட்டார். மக்களோடு பேசும் பதவிகள் உண்டு என்று மேலே சொன்னேன், உண்மைதான். ஆனால் அந்த நாற்காலிகளில் பலவற்றை நிறுவனங்கள் முதலில் நிரல் எழுதித் தேறியவர்களுக்கே தருகின்றன. பொறியாளர் “முடியாது” என்னும்போது அது உண்மையா, சோம்பலா என்று கண்டுபிடிக்க வேண்டிய வேலையல்லவா?

“இனி எல்லாம் ஏஐயே எழுதிடுமே” என்று இப்போது புதிதாக ஒரு வாதம் வந்திருக்கிறது. எழுதட்டும். எழுதியது சரியா என்று பார்ப்பது யார்? நிரல் எழுதுவதில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இன்பத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டு, பிறர் எழுதியதைப் படித்துச் சந்தேகப்படும் அலுப்பை மனிதரிடம் விட்டுவைக்கிறது. நிரலாக்கத்தை வெறுப்பவர்கள் எதை வெறுக்கிறார்களோ, அதன் வடிகட்டிய சாறு அது.

ஆகவே எது பிடிக்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இந்த வழக்கத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். தேர்வு பயமா? ஆறும். கமாவும் அடைப்புக்குறியும் தரும் எரிச்சலா? பழகும். காலையிலிருந்து மாலைவரை தப்பாகவே வந்துகொண்டிருப்பதைத் தாங்கமுடியவில்லையா? அதுதான் ஆபத்து, அதற்கு எந்தக் கிளைப் படிப்பும் புகலிடம் தராது.

எங்கள் ஆங் மோ கியோ குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் லீ சியன் லூங், கேம்பிரிட்ஜில் கணிதமும் கணினியியலும் படித்தவர். 2015இல் பிரதமராக இருந்தபோது, தாம் முன்பு சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய சுடோகு நிரலை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். அது செய்வது இவ்வளவுதான்: வாய்ப்புகள் மிகக் குறைவாக உள்ள கட்டத்தைத் தேர்ந்து ஓர் எண்ணை ஊகித்துப் போடும், முட்டுச்சந்து வந்தால் அழித்துவிட்டுத் திரும்பி வரும், அடுத்ததைப் போடும். அதில் பெரிய கணக்கு எதுவும் இல்லை. திரும்பி வருவதில் சலிப்பில்லாத மனம்தான் வேண்டும். நாட்டையே நிர்வகித்தவர் ஓய்வு நேரத்தில் அதைப் பொழுதுபோக்காகச் செய்தார் என்றால், அவருக்குப் பிடித்தது விடையல்ல, அந்தத் திரும்பி வருதல்தான்.

அதனால்தான் கட்-ஆஃப் பட்டியலை மூடிவைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன், சுடோகுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்று.

“ஹின்ட் அமுக்குவேன், அங்கிள்.”

“அமுக்கினதும் எண் வந்துடும். ஏன் அந்த எண்ணுன்னு பார்ப்பியா?”

கைப்பேசியிலிருந்து முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். கொஞ்சம் யோசித்தாள்.

“சில நேரம்.”

அதற்குள் அவள் அம்மா நாலாவது விருப்பத்துக்கு எத்தனை பாயிண்ட் என்று கேட்டுவிட்டார்.