மாணவர் திட்டம் முடிந்த பின் கடைக்கு மிஞ்சுவது என்ன?

வணிகவியலும் மேலாண்மையும் படிக்கும் மாணவர்கள் தங்கள் ஊரில் ஒரு சிறு கடையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு டிஜிட்டல் சந்தைப்படுத்தல் திட்டம் தயாரித்துக் கொடுப்பது இன்று பல கல்லூரிகளில் வழக்கமான பயிற்சியாகிவிட்டது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் கல்லூரிகளில் நடந்த படிப்புகளில் டிஜிட்டல் சந்தைப்படுத்தலும் இடம்பெற்றதால், பெருநகரங்களுக்கு வெளியே உள்ள கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இது பழகிய பாடமாயிற்று. நான்கைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்வார்கள். கடையின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று கட்டம் போடுவார்கள். வாடிக்கையாளர் யார், எந்த நாளில் எந்தப் பதிவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, வெற்றியை எதைக்கொண்டு அளப்பது என்று எழுதுவார்கள். அறிக்கை ஸ்பைரல் பைண்டிங்கோடு ஆசிரியர் மேசைக்குப் போகும், மதிப்பெண் வரும், பருவம் முடியும். இந்தப் பயிற்சி நல்லது, தொடர வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை நாம் தவறான இடத்தில் நின்று அளக்கிறோம். ஆசிரியர் மேசைக்கு வந்த அறிக்கைக்கு மதிப்பெண் போடுகிறோம். ஆறு மாதம் கழித்து அந்தக் கடையில் அதில் எது உயிரோடு இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பயிற்சியின் குறைகள் பெரும்பாலும் இந்த ஒரு தவறிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். மாணவர்கள் சிறு வணிகருக்கு ஆலோசனை சொல்வது இணையத்தோடு பிறந்த வழக்கம் அல்ல. அமெரிக்க அரசின் சிறுவணிக நிர்வாகத் துறை 1972இலேயே கல்லூரி மாணவர் குழுக்களைச் சிறு நிறுவனங்களுக்கு ஆலோசகர்களாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. 1990களின் நடுவில் அரசு நிதி நின்ற பிறகும் பல கல்லூரிகள் தம் பொறுப்பில் அதைத் தொடர்ந்தன. காரணம் எளிது. பாடப்புத்தகத்தில் வரும் நிறுவனத்துக்கு விளம்பரத் துறை உண்டு, ஆய்வுக்குப் பணம் உண்டு, மூன்று ஆண்டு விற்பனைக் கணக்கு உண்டு. தெருமுனைக் கடைக்கு இவற்றில் எதுவும் இல்லை. கொள்முதல், விற்பனை, கடன் வசூல், வாசல் பெருக்குவது எல்லாம் ஒரே ஆள். அந்த ஆளின் முன்னால் உட்கார்ந்து பேசும்போதுதான், ‘இலக்கு வாடிக்கையாளர்’ என்று வகுப்பில் படித்தது மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து அந்த வழியாகப் போகிறவர்களைத்தான் என்பது மாணவருக்குப் புரிகிறது. வகுப்பறையால் தரமுடியாத கல்வி இது.

கடைக்கும் பயன் உண்டு. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரியாகப் பதிய ஒரு ரூபாயும் ஆகாது. ஆனாலும் ஏராளமான சிறு கடைகளின் பதிவு பிழையாகவோ பாதியாகவோ கிடக்கிறது. சில கடைகளுக்குப் பதிவே இல்லை. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் பட்டியலிட்டு வைக்கலாம். இந்த வேலைகளுக்கு ஒரு விளம்பர நிறுவனம் கேட்கும் தொகையைப் பெட்டிக்கடையோ தையல் கடையோ கொடுக்க முடியாது. இருபது வயதுப் பிள்ளைகள் ஒரு பிற்பகலில் செய்து கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அந்த ஊர்க்காரர்கள் என்பது கூடுதல் பலம். எந்தக் கோயில் திருவிழாவுக்கு எந்தத் தெருவில் கூட்டம், எந்தப் பள்ளிக்கு எந்தச் சீருடை என்பதெல்லாம் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நிறுவனத்துக்குத் தெரியாது.

இவ்வளவு பலம் உள்ள பயிற்சி எங்கே சறுக்குகிறது? ரவிக்கை தைக்கும் ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அங்கே துணி மூட்டைகள் தரையிலும் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு துணியிலும் அளவு ரவிக்கையைச் சுற்றி, பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டை ஊக்கால் குத்தியிருப்பார்கள். இரண்டு எந்திரம், தைக்கத் தெரிந்த இரண்டு பேர், காஜாவும் ஊக்கும் கட்ட வெளியே ஓர் ஆள். நாளொன்றுக்கு இத்தனைக்கு மேல் தைக்க முடியாது என்பது கடைக்காரருக்கு விரல்நுனியில் தெரியும். மாணவர் அறிக்கையோ, தீபாவளியை ஒட்டி ரீல்ஸ் போட்டுப் புதிய வாடிக்கையாளரைத் திரட்ட வேண்டும் என்று சொல்கிறது. அப்படித் திரண்டால் சொன்ன தேதிக்குத் துணி போகாது. ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் பழைய வாடிக்கையாளர் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். இந்தக் கடையின் சிக்கல் கிராக்கி இல்லாத ஆடி, மார்கழி மாதங்களில் இருக்கிறது. அந்த மாதங்களில் பழுதுபார்ப்பு, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பள்ளிச் சீருடை என்று வேலையை எப்படி வரவழைப்பது என்பதே திட்டம் விடை காணவேண்டிய கேள்வி. கடையின் ஆர்டர் நோட்டை மாதவாரியாகப் புரட்டியிருந்தால் இது தெரிந்திருக்கும். பல அறிக்கைகள் எந்தத் தளத்தில் விளம்பரம் செய்யலாம் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. கடைக்கு என்ன தேவை என்ற கேள்வி பின்னால் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

செலவுக் கணக்கிலும் இதே பிழை நேர்கிறது. மாவு அரைத்து விற்கும் கடையில் ஒரு பாக்கெட் இட்லி மாவின் விலை நாற்பது ரூபாய், செலவு போகக் கையில் நிற்பது எட்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தால், அந்தக் காசை மீட்பதற்கே கூடுதலாக 125 பாக்கெட் விற்க வேண்டும். அந்த மாவை வாங்குகிறவர் நடந்து வரும் தொலைவில் இருப்பவர். விளம்பரம் ஊர் முழுக்கப் போனாலும் வாங்கக்கூடியவர் சில தெருக்களுக்குள்தான் இருக்கிறார். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் மாலை ஒரு வரி போடுவது ஆயிரம் ரூபாய் விளம்பரத்தைவிட அதிகம் விற்றுத் தரலாம். ஆனால் மதிப்பெண் பட்டியலில் ஃபாலோயர் எண்ணிக்கைக்கும் பார்வை எண்ணிக்கைக்கும் இடம் இருக்கிறது, பாக்கெட் எண்ணிக்கைக்கு இல்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் மாணவர் செய்வார். அவர்மேல் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

அடுத்தது, உருவாக்கியது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. அவசரத்தில் மாணவர் தன் சொந்த மின்னஞ்சலில் கடைக்கான பக்கத்தைத் தொடங்குகிறார், தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கிறார். பருவம் முடிந்ததும் அவர் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விடுகிறார். கடை இடம் மாறினாலோ நேரம் மாறினாலோ அந்தப் பதிவைத் திருத்தக் கடைக்காரரிடம் கடவுச்சொல் இல்லை. பிழையான பதிவு, பதிவே இல்லாததைவிடக் கெடுதல். மூடிய கடை வாசலில் வந்து நின்று திரும்பிய வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார். கணக்கு கடைக்காரர் பெயரிலேயே இருந்தாலும், தளம் நிலைக்கும் என்று உறுதியில்லை. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதை நம்பியிருந்த கணக்குகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. கூகுள் வணிகப் பதிவோடு இலவசமாக உருவாக்கிக்கொள்ள முடிந்த எளிய இணையதளங்களை அந்த நிறுவனம் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அன்று அவற்றின் முகவரியை அட்டையிலும் பலகையிலும் அச்சிட்டிருந்த கடைகளின் நிலையை எண்ணிப்பாருங்கள். ஆகவே பதிவின் உரிமையைக் கடைக்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது, கடவுச்சொல்லை அவர் கையாலேயே எழுதிவைக்கச் செய்வது, அவரோ அவர் வீட்டில் ஒருவரோ பதிவைத் திருத்தக் கற்றுக்கொண்டதை உறுதிசெய்வது ஆகிய மூன்றும் இல்லாத திட்டம் முடிந்த திட்டம் ஆகாது.

அறம் சார்ந்த ஒரு குறையும் இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு எண்ணிக்கை காட்டவேண்டிய நெருக்கடியில், கடைக்கு ஒரு நாளும் போகாத நண்பர்கள் ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதும் நிலை வந்துவிடுகிறது. இணைய விமர்சனங்களின் நம்பகத்தன்மைக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. போலி விமர்சனத்தை கூகுளின் விதிகளும் தடைசெய்கின்றன. பிடிபட்டால் பெயர் கெடுவது கடைக்குத்தான், மாணவருக்கு அல்ல. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களும் இப்படியே. கடை நோட்டில் இருக்கும் எண்களைப் படம் பிடித்து, குழுவாகச் சேர்த்து, விளம்பரம் அனுப்புவது மாணவருக்குச் சாதாரண வேலையாகத் தெரியலாம். ரவிக்கை தைக்க எண் கொடுத்த பெண், முகம் தெரியாத நான்கு மாணவரின் கைப்பேசியில் அது சேர ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவரின் தகவலை எந்தக் காரணத்துக்காகப் பெற்றோமோ அதற்கு மட்டுமே, அவர் இசைவோடு பயன்படுத்த வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. மாணவர் முதல் வகுப்பில் கற்கவேண்டிய பாடம் இது.

இதற்கு எழும் முதல் மறுப்பு: மாணவர் கற்க வந்தவர், ஆலோசகர் அல்ல, கடையின் வெற்றியை அவர் தலையில் கட்டலாமா? கட்டக்கூடாதுதான். விற்பனை கூடவில்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் கற்றலை மட்டும் கருதினாலும் நடைமுறைக்கு வராத திட்டம் பாதிக் கல்விதான். தன் கணிப்பு சரியா தவறா என்று தெரியாமலே மாணவர் வெளியேறுகிறார். இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2008 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் கூகுள் நடத்திய இணையச் சந்தைப்படுத்தல் போட்டியில், பல நாட்டு மாணவர் குழுக்களுக்கு முதலில் 200 டாலர், பின்னர் 250 டாலர் அளவுக்கு விளம்பர நிதி தரப்பட்டது. அவர்கள் உண்மையான ஒரு நிறுவனத்துக்கு மூன்று வாரம் விளம்பரம் நடத்தி, தொடங்கும் முன் ஓர் அறிக்கையும் முடிந்த பின் ஓர் அறிக்கையும் தரவேண்டும். நினைத்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்த அமைப்பு சிறப்பானது. ஆனால் அதிலும் ஒரு கோணல் இருந்தது. விளம்பரம் விற்கும் நிறுவனமே பாடத்தையும் அளவுகோலையும் தந்ததால், எந்தச் சிக்கலுக்கும் அதன் விளம்பரமே தீர்வு என்ற பழக்கம் மாணவரிடம் படிய இடமிருந்தது. இந்தக் கடைக்கு இப்போது விளம்பரமே வேண்டாம் என்று சொல்லும் துணிவுக்கும் மதிப்பெண் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நேரத்தைப் பற்றியது. ஒரு வகுப்பில் அறுபது பேர், ஓர் ஆசிரியர், சில மாதப் பருவம், இதில் எந்தக் கடையைத் தொடர்ந்து கவனிப்பது? மறுப்பு நியாயமானது. தீர்வு, கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவதில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்புதுக் கடைகளைத் தேடாமல், ஒரு துறை பத்துக் கடைகளோடு மூன்றாண்டு உறவு வைத்துக்கொள்ளலாம். முதல் அணி கணக்கைப் படித்துச் சிக்கலைக் கண்டறியட்டும், அடுத்த அணி ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துபார்க்கட்டும், மூன்றாவது அணி அது நின்றதா என்று அளக்கட்டும். முன்னவர் விட்டுப்போனதைப் படித்துத் தொடர்வது, வேலைக்குப் போனபின் மாணவர் அன்றாடம் செய்யப்போகிற காரியமும்கூட. கடைக்காரர்கள் ஒத்துழைப்பதில்லை, விற்பனைக் கணக்கைக் காட்டுவதில்லை என்ற மூன்றாவது மறுப்புக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒரு மாதம் வந்து கேள்வி கேட்டுவிட்டு மறைகிறவர்களிடம் யாரும் கல்லாக் கணக்கைச் சொல்லமாட்டார்கள். வியாபார நேரத்தில் கடைக்காரர் தரும் அரை மணி நேரமும் முதலீடுதான். அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று அவர் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இந்தச் சீர்திருத்தத்தை இனியும் தள்ளிப்போட முடியாதபடி ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் ஊரையும் கடையின் வகையையும் சொன்னால், அட்டவணையும் முழக்க வரியும் உட்பட ஒரு சந்தைப்படுத்தல் திட்டம் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. மாணவர் என்ன கற்றார் என்பதற்கு அறிக்கை இனிச் சான்றாகாது. கருவியால் செய்ய முடியாதது, கடையில் போய் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுவது, வந்து போகிறவர்களிடம் பேசுவது, கடைக்காரரின் தயக்கத்தைப் புரிந்துகொள்வது, ஒரு மாற்றத்தைச் செய்து அதன் விளைவுக்காகக் காத்திருப்பது. மதிப்பெண் அங்கே போகவேண்டும்.

பேராசிரியர்களும் பாடத்திட்டக் குழுக்களும் இதைச் செய்யப் புதிய நிதியோ புதிய கட்டடமோ தேவையில்லை. கடைக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு பயிற்சி தொடங்கட்டும். அறிக்கையின் முதல் அத்தியாயம் கடையின் ஆர்டர் நோட்டிலிருந்து எழுதப்படட்டும். ஒரே ஒரு மாற்றமாவது நடைமுறையில் சோதிக்கப்படட்டும். கணக்குகள் கடைக்காரர் பெயரில் ஒப்படைக்கப்பட்டன என்று அவர் கையெழுத்திட்ட பின்பே மதிப்பெண் பதிவாகட்டும். அடுத்த பருவ மாணவர்கள் அதே கடைக்குப் போய், எது நிலைத்தது என்று பார்த்து எழுதட்டும். பலமுள்ள ஒரு கல்விமுறை கையில் இருக்கிறது. அதன் பயனில் கடைக்காரருக்கும் உரிய பங்கு போய்ச் சேருமாறு செய்வது கல்லூரிகளின் கடமை.