துப்பாக்கியும் கதாசிரியனும்

அமெரிக்காவில் எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி வெடித்தால், மறுநாள் காலை கீரனூர் டீக்கடையில் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நாலு பேராவது இருக்கிறார்கள். இதில் பரிகாசம் செய்ய ஒன்றுமில்லை. குழந்தைகள் செத்துப்போனால் ஊர் எதுவானால் என்ன? 2022 மே 24ஆம் தேதி, டெக்ஸாஸ் மாகாணத்தில் யூவால்டி என்ற ஊரில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதுவும் சின்ன ஊர்தான். பெரிய நகரத்தில் நடந்திருந்தால் நம் ஜனங்கள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

டீக்கடை விவாதம் எப்போதும் இரண்டு கட்சியாகப் பிரியும். ஒரு கட்சி, "துப்பாக்கியைக் கண்டவன் கையில் கொடுக்கலாமா?" என்று கேட்கும். மறு கட்சி, "துப்பாக்கி என்ன ஐயா செய்யும்? மனுஷன் மனசு கெட்டுப்போச்சு. அருவாள் இல்லையா, மண்ணெண்ணெய் இல்லையா?" என்று பதில் சொல்லும். வாஷிங்டனில் சட்டசபைக்காரர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யும் விவாதமும் சாரத்தில் இதுதான்.

கதை எழுதுகிறவர்களுக்கு இயல்பாகவே இரண்டாவது கட்சிதான் பிடிக்கும். மனசு கெட்டுப்போன கதையைச் சொல்வதுதானே நம் பிழைப்பு? ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்வி வந்துவிட்டால் நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். அவனுக்குத் தாயார் சரியில்லை, பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள், காதலித்தவள் சிரித்தாள் என்று ஒரே நாளில் மூன்று அத்தியாயம் எழுதிவிடலாம். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இப்போது இதைத்தான் செய்கின்றன. ஒரு கொலை நடந்த மூன்றாம் நாள், செத்தவர்களுடைய பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. சுட்டவனுடைய பால்ய சரித்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். நியூஸிலாந்தில் 2019 மார்ச் 15ஆம் தேதி இரண்டு மசூதிகளில் தொழுகைக்குக் கூடியிருந்தவர்களில் 51 பேர் உயிர் போகும்படி ஒருவன் சுட்டான். அந்நாட்டுப் பிரதம மந்திரி ஜெஸிந்தா ஆர்டர்ன், அவனுடைய பெயரைத் தாம் உச்சரிக்கப் போவதே இல்லை என்று பார்லிமெண்டில் சொன்னார். பலர் இதை நல்ல ஒழுக்கம் என்று பாராட்டினார்கள். எனக்கோ அது ஒரு சிறந்த இலக்கிய விமரிசனமாகவே பட்டது. கதாநாயக ஸ்தானத்திலிருந்து அவனை ஒரே வாக்கியத்தில் இறக்கிவிட்டார் அந்த அம்மையார். பிறகு ஒரு மாதத்துக்குள் அங்கே ராணுவ மாதிரித் துப்பாக்கிகளுக்குத் தடைச் சட்டம் வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒரே ஒருவர்.

மனசுதான் காரணம் என்கிறவர்களுக்கு ஒரு நாளின் கணக்கைச் சொல்கிறேன். 2012 டிசம்பர் 14ஆம் தேதி சீனாவில் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் கத்தியோடு புகுந்து 23 குழந்தைகளைக் குத்தினான். அதே தேதியில் அமெரிக்காவில் நியூடவுன் என்ற ஊரில் ஒருவன் துப்பாக்கியோடு ஆரம்பப் பள்ளிக்குள் நுழைந்தான். இரண்டு பேருடைய மனசும் கெட்டதுதான். எது அதிகம் கெட்டது என்று நிறுக்கத் தராசு இல்லை. நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் செத்தார்கள். சீனக் குழந்தைகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. இத்தனைக்குப் பிறகும் துப்பாக்கி வாங்குகிறவனுடைய பூர்வோத்தரத்தை இன்னும் பரவலாக விசாரிக்க வேண்டும் என்ற சின்ன மசோதாகூட அமெரிக்க செனட்டில் 2013 ஏப்ரலில் தோற்றுப்போனது. நூறு பேருக்கு 120 துப்பாக்கி இருக்கிற நாடு அது என்று ஜெனீவாவில் இதற்கென்றே ஆராய்ச்சி செய்கிறவர்கள் 2018ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நம் நாட்டுக்கு அவர்கள் போட்ட மதிப்பு, கள்ளத் துப்பாக்கி உள்பட, நூறு பேருக்குச் சுமார் ஐந்து.

ஆனால் "மண்ணெண்ணெய் இல்லையா?" என்று டீக்கடையில் கேட்டவரை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது. தஞ்சை ஜில்லாக்காரனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவன் வாய் அடைத்துப்போகும். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்துகொண்ட விவசாயக் கூலிகள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வந்தவர்களிடம் துப்பாக்கியும் இருந்தது, சுட்டார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். ஆனாலும் கொன்றது நெருப்பு. துப்பாக்கி ஜனங்களைக் குடிசைப் பக்கம் விரட்டியது. மீதியைத் தீக்குச்சி செய்தது. எந்த ஆயுதச் சட்டம் தீக்குச்சிக்கு லைசென்ஸ் கேட்கும்?

இங்கேதான் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1975ல் வெளிவந்து 1977ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல். நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இரவில் முடித்தேன் என்பதைப் புகழ்ச்சியாகவே சொல்கிறேன். டில்லிப் படிப்புப் படித்த கோபாலும் சிவாவும் தஞ்சாவூர்க் கிராமத்தைப் பார்த்து விழிக்கும் விழிப்பு, பேசப் பேசத் தங்கள் பேச்சின்மேல் தங்களுக்கே வரும் அலுப்பு, இதையெல்லாம் அந்த அளவு கூர்மையாகத் தமிழில் எழுதியவர்கள் குறைவு. படித்த மனிதனின் கையாலாகாத்தனத்தை அவரைப் போலக் கேலி செய்யத் தெரிந்தவர் யார்?

ஆனால் அந்த மிராசுதார் கண்ணையா நாயுடு! அவர் ஆண்மையற்றவர், அந்தக் குறையை மூடி மறைக்கும் வெறியே அவருடைய கொடுமைகளுக்கெல்லாம் வேர் என்று நாவல் நம்மை அழைத்துக்கொண்டு போகிறது. இதைக் கண்டித்து இடதுசாரி விமரிசகர்கள் அந்தக் காலத்திலேயே எழுதினார்கள். வர்க்கப் போராட்டத்தைப் படுக்கையறை விவகாரமாகச் சுருக்கிவிட்டார் என்றார்கள். என் ஆட்சேபணை வேறு. தத்துவம் எதுவானாலும் ஆகட்டும். அந்தக் காரணம் வாசகனுக்கு மிகவும் வசதியாக இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். புத்தகத்தைப் படித்து முடித்ததும் நான் நிம்மதியடைகிறேன். எனக்குத் தெரிந்த மிராசுதார்கள், என் உறவில் உள்ள நிலக்காரர்கள், ஒருவரும் கண்ணையா நாயுடு இல்லை. அவர்களுக்குப் பிள்ளை குட்டிகள் இருக்கின்றன. கோயிலில் மண்டகப்படி செய்கிறார்கள். கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறார்கள். ஆகவே அவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்! வெண்மணியில் நடந்ததோ கூலியும் செங்கொடியும் நெல் உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்த சண்டை. ஒரு ஆள் உடம்பில் உள்ள குறை காரணமானால் அவர் ஒருவர் போதும். அன்று இரவு வந்தது கூட்டம். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்குமா அந்தக் குறை?

அமெரிக்காவில் "மனநோய், மனநோய்" என்று கத்துகிற கட்சிக்கும் இதே வசதிதான். மனநோய் உள்ளவர்கள் எல்லா தேசத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓர் எறும்பையும் கொல்லாதவர்கள். அடிபடுகிறவர்களே தவிர அடிக்கிறவர்கள் அல்ல. அவன் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் நாம் வேறு, அவன் வேறு என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

ஒரு விசித்திரம் பாருங்கள். வெண்மணி வழக்கில் கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களைப் பிற்பாடு ஹைகோர்ட் விடுதலை செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்று: பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்று நம்புவது கஷ்டமாயிருக்கிறது என்பது. இதுவும் பாத்திரப் படைப்பு பற்றிய விமரிசனம்தானே? "இந்தப் பாத்திரம் இப்படிச் செய்யாது" என்று பத்திரிகை ஆசிரியர்கள் கதையைத் திருப்பி அனுப்புவார்களே, அந்த மாதிரி. நாவலாசிரியர் மிராசுதாருக்கு உடம்பில் குறை வைத்தார். கோர்ட் அவருக்குக் கௌரவத்தைச் சேர்த்தது. இரண்டு இடத்திலும் செத்தவர்கள் பின்னால் போய்விட்டார்கள். சோலை சுந்தரபெருமாள் 1999ல் 'செந்நெல்' எழுதிய பிறகுதான் கூலிக்காரர் பக்கத்திலிருந்து அந்த ஊரைப் பார்க்க எனக்கு வாய்த்தது. கலையழகில் அது குருதிப்புனலுக்கு ஈடல்ல. ஆனாலும் வயல் வேலையும் படிக்கணக்கும் அதில் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தப் படிக்கணக்கில்தான் அந்த நெருப்பு இருந்தது.

சட்டப் புத்தகத்தை நாம் இலக்கியமாகப் படிப்பதில்லை, படிக்கலாம். வெள்ளைக்காரன் 1878ல் ஆயுதச் சட்டம் போட்டபோது வெள்ளைக்காரனுக்கு அதிலிருந்து விலக்கு வைத்தான். காந்தியடிகள் 1918ல் படைக்கு ஆள் சேர்க்கப் போட்ட துண்டுப் பிரசுரத்தில் அந்தச் சட்டத்தைக் கடுமையாகத் தாக்கினார். அமெரிக்கத் துப்பாக்கி வியாபாரத்தின் ஆதரவாளர்கள் இன்றைக்கும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள், அஹிம்சையைப் பற்றிய மீதி ஆயிரக்கணக்கான பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு. 1931ல் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில்கூட விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் காமத் அதைத் திரும்பக் கேட்டார், அம்பேத்கர் ஒப்பவில்லை. முடிவில் நம் 19ஆம் ஷரத்தில் வந்தது என்ன? ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும் உரிமை. அமெரிக்க சாசனத்தில் 1791ல் ஆயுதம் தாங்கும் உரிமை ஏறிற்று. நம்முடையதில் 'ஆயுதமின்றி' என்ற சொல் ஏறியிருக்கிறது. அந்த ஒரு சொல்லை எழுதியவர்களுக்குப் பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயாமல் இருந்தது.

பிறகு 1959ஆம் வருஷச் சட்டம். அதில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ல் இரண்டாகக் குறைத்தார்கள். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பற்றிச் சட்டத்துக்குக் கவலை உண்டு, கண் இல்லை என்பது வேறு விஷயம். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பழைய வேட்டியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வரும் பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் அவர்களிடம் "உமக்கு மனசு நல்லதா?" என்று கேட்பதில்லை. "இந்த நாற்பது நாள் இது உம்மிடம் இருக்க வேண்டாம்" என்கிறது. அவ்வளவுதான். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்தபோதும் சர்க்கார் ஜனங்களின் மனசை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது.

எங்கள் பக்கத்து நார்த்தாமலைக்கு இப்போது வருகிறேன். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை போகும் வழி. விஜயாலய சோழீசுவரம் பார்க்கப் போகிறவர்களுக்கும் முத்துமாரியம்மன் தேருக்குப் போகிறவர்களுக்கும் அந்தக் குன்றுகள் தெரியும். அந்தப் பகுதியில் பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம். 2021 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் ஒரு குண்டு வந்து பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். 2022 ஜனவரி 3ஆம் தேதி இறந்துபோனான். தளத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது. சர்க்கார் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது.

இந்தச் சாவில் ஒருவருக்கும் ஒருவர்மேல் பகை இல்லை. சுட்டவருக்கு அந்தப் பையனைத் தெரியாது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி அல்ல, சர்க்காரின் துப்பாக்கி. மனசு கெட்டவன் என்று ஒருவனும் கதையில் கிடையாது. டீக்கடையின் இரண்டு கட்சிக்கும் இதில் பேச ஒன்றுமில்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன். இங்கே கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். ரைபிள் குண்டு தடுப்பு இல்லாவிட்டால் இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் போகக் கூடியது. அப்படியானால் தளத்துக்கும் முதல் வீட்டுக்கும் எத்தனை தூரம்? பின்னால் மண்மேடு எத்தனை அடி உயரம்? பாறையில் பட்டுத் தெறித்தால் எந்தத் திசை? தளம் முந்தியா, வீடு முந்தியா?

சென்ற வருஷம் ஓர் இளைஞர், நம் ஜில்லாக்காரர், இதை வைத்துச் சிறுகதை எழுதி என் அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருந்தார். நடை நன்றாக இருந்தது. ஆனால் சுடுகிற சிப்பாய்க்கு அவர் ஒரு மனைவியைக் கொடுத்து, அவளுக்கு ஒரு துரோகத்தையும் கொடுத்து, அன்று காலை ஊரிலிருந்து ஒரு கடிதத்தையும் வரவழைத்திருந்தார். கை நடுங்கியதாம்; குண்டு தவறியதாம். பதிலில், "தம்பி, கடிதத்தை எடுத்துவிடுங்கள். சிப்பாய் ரொம்ப நல்லவனாக, குறி தப்பாதவனாக இருக்கட்டும். அப்புறமும் அந்தக் குண்டு எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று எழுத முடியுமா பாருங்கள். அதற்கு நீங்கள் பசுமலைப்பட்டிக்கு ஒரு நடை போய் நின்று பார்க்க வேண்டியிருக்கும்" என்று எழுதினேன்.

"அப்படி எழுதினால் கதையில் வில்லன் யார் சார்?" என்று கேட்டு ஒரு வரி வந்தது. திருத்திய பிரதி இன்னும் வரவில்லை.