மறுமையும் மேனாட்டு அறிவுநூல்களும்

உடம்பை விட்ட உயிர் யாதாகும் என்னும் வினா எந்நாட்டார்க்கும் பொதுவாயது. அதற்கு அருணூல்கள் கூறும் விடையோடு அமையாது, அளந்தும் நிறுத்தும் விடை காண வேண்டுமென மேனாட்டறிஞர் சிலர் நெடுங்காலமாக முயன்று வருகின்றனர். அம்முயற்சியின் வரலாற்றை யாவரும் உணருமாறு எளிய நடையில் உரைக்கும் நூல்கள் ஆங்கிலத்திற் பல உள. அவற்றுள் அச்சமூட்டும் கதைகளைத் தொகுத்தன மிகுதி. சான்றை ஆராய்ந்து கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளுவன மிகச் சில. இப்பொருள் தமிழ்ச் சைவர்க்குப் புதியதன்று. பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர்கொண்ட சுவாமி வேதாசலம் 1911-ஆம் ஆண்டிலேயே ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’ என்னும் நூலை இயற்றினார். ஆகலின் இத்துறையில் எழுந்த பிற்கால நூல்களைச் சைவ நன்மக்கள் எங்ஙனம் கற்றல் தகும் என்பது ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் கற்கத்தக்கது டெபொரா பிளம் என்னும் அம்மையார் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கோஸ்ட் ஹண்டர்ஸ்’ என்பது. ஹென்றி சிட்ஜ்விக்கைத் தலைவராகக் கொண்டு 1882-இல் இலண்டனில் தோன்றிய உளநிலை ஆராய்ச்சிக் கழகத்தின் வரலாறும், அமெரிக்க மெய்ந்நூற் புலவர் வில்லியம் ஜேம்ஸ் அத்துறையிற் புகுந்த வரலாறும் இதன்கண் விரியும். ஜேம்ஸ் 1885-ஆம் ஆண்டில் தம் இளமகனை இழந்தார். அவ்வாண்டிலேயே ஆவிகள் தம் வாயிலாகப் பேசுவதாகக் கூறப்பட்ட பைப்பர் அம்மையாரைக் கண்டார். காக்கையெல்லாம் கரியன என்னும் வியாத்தியை அழிக்க ஒரு வெண்காக்கை போதும் என்று அவர் கொண்ட வாதம் தருக்கம் பயின்றார்க்கு இன்பந் தருவது. எனினும் அவ்வெண்காக்கை யாவரும் ஒருங்கு ஒப்பக் காணக் கிடைத்திலது. ஆவிகளின் தட்டொலி எனப் பெயர்பெற்று 1848-இல் பரவிய செய்தி, கால்விரல் மூட்டின் ஒலியேயென்று அதனைத் தோற்றுவித்த உடன்பிறந்தாருள் ஒருவரே 1888-இல் வெளியிட்டார். துயருற்ற நெஞ்சம் சான்றை நாடும்பொழுது வஞ்சகர்க்கு எளிதில் இரையாம் என்பதை இந்நூல் கடியாது காட்டுகின்றது.

இரண்டாவது, மேரி ரோச் அம்மையார் 2005-இல் எழுதிய ‘ஸ்பூக்’. பேய் என்பது அப்பெயரின் பொருள். இவ்வம்மையார் கேட்டதை எழுதுவாரல்லர். சென்று கண்டு எழுதுவார். ஆவியினின்று வெளிப்பட்ட பொருளெனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கப்பட்டிருந்ததனைத் தாமே பார்த்து, அது துணியேயென உணர்ந்தார். மறுபிறப்புச் செய்தியை ஆராய்வாரொருவருடன் இந்திய நாட்டுச் சிற்றூர்களுக்கும் வந்தார். உயிரைத் துலையிலிட்டு நிறுக்க முயன்ற மருத்துவரின் வரலாறும் இந்நூலுள் வருகின்றது. சைவர் ஊன்றி நோக்கத்தக்க பகுதி அதுவே.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் நாட்டு ஹேவரில் ஊரிலிருந்த டங்கன் மக்டூகல் என்னும் மருத்துவர், இறக்குந் தறுவாயிலிருந்த அறுவரைக் கட்டிலோடு துலையில் வைத்து நிறுத்து, 1907-இல் முடிவை வெளியிட்டார். முதல்வரது நிறை உயிர் நீங்கியபொழுது முக்கால் அவுன்சு, அஃதாவது ஏறத்தாழ 21 கிராம் குறைந்தது என்றார். எஞ்சியோருள் இருவரது அளவு பயன்படாதென அவரே தள்ளினார். ஏனையோரது குறைவு ஒன்றோடொன்று ஒவ்வவில்லை. மூச்சு நின்றபின் உடல்வெப்பம் ஏறி வியர்வை ஆவியாதலாலும் நிறை குறையுமென்று அக்காலத்தே கிளார்க் என்னும் மருத்துவர் மறுத்தார். இவ்வாறு ஒருவரிடத்துக் கண்ட ஓரளவினையே பற்றி, ‘உயிரின் நிறை 21 கிராம், உயிர் உண்டென அறிவியல் நிறுவிற்று’ என மேடைகளிற் கூறுவார் இன்றும் உளர். அவருட் சிலர் திருநீறும் அணிந்தோர்.

அக்கூற்று சித்தாந்தத்திற்கு அரணாகாது. மாறாக அதனை இடிக்கும். என்னை? நிறையென்பது சடப்பொருளின் குணம். உயிரோ சித்துப்பொருள், பூதங்களின் கூட்டமன்று. துலையிற் படுவது உயிராயின் அதுவும் சடமாய், உடலே உயிரென்னும் உலகாயதன் கொள்கையே வென்றதாகும். நிறுக்கப்பட்டது உயிரன்று, ஐந்து தன்மாத்திரையும் மனம் புத்தி அகங்காரமும் ஆகிய எட்டன் கூட்டமாகிய சூக்கும உடம்பேயெனின், அதுவும் பொருந்தாது. தன்மாத்திரை பூதங்கட்கு முற்பட்ட காரணமாய்ப் புலனுக்கெட்டாது நிற்பது. அன்றியும், அம்மருத்துவர் பதினைந்து நாய்களையும் நிறுத்து, அவை இறந்தபொழுது நிறை குறையாமை கண்டு, விலங்கிற்கு உயிரில்லையென முடிவு செய்தார். புல்லும் பூடும் முதலாக எல்லாப் பிறப்பினும் உயிர் உண்டென்பது சைவத்தின் துணிபு. முக்கால் அவுன்சைக் கொள்வார் நாய்க்கு உயிரின்மையையும் உடன்கொள்ளல் வேண்டும். நாயின் செய்தியைத் தள்ளுவார் மற்றதனையும் தள்ளுதலே முறை.

பேய் கண்டதாகக் கூறப்படும் இடங்களைப் பற்றியும் சில ஆராய்ச்சிகள் உள. இங்கிலாந்தில் கவென்றி நகரத்துப் பொறியறிஞர் விக் டாண்டி, தாம் வேலைசெய்த அறையில் அச்சமும் சாம்பல்நிற உருத்தோற்றமும் உண்டாகக் கண்டு, புதிதாக அமைத்த விசிறியொன்று நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுடைய, செவிக்குக் கேளாத ஒலியை எழுப்புதலே காரணமென 1998-இல் எழுதினார். ஓர் அறைக்குரிய காரணம் எல்லா அறைக்கும் ஆகாதெனினும், காணப்பட்டவையெல்லாம் ஆவியல்ல என்பதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டு.

சாவின் எல்லை வரை சென்று மீண்டார் கூறும் ஒளியும் சுரங்கவழியும் மூளையின் மாறுபாட்டால் விளைவன என்பர் சூசன் பிளாக்மோர், 1993-இல் வந்த ‘டையிங் டு லிவ்’ என்னும் நூலில். உடலினின்று நீங்கிய அறிவு மேலிருந்து நோக்குமாயின் காண்க எனக் கூரையருகே பலகைகளில் ஓவியங்கள் வைத்துப் பதினைந்து மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி 2014-இல் வெளிவந்தது. இதயம் நின்ற 2,060 நிகழ்ச்சிகளுள், பிழைத்து வினாவப்பட்டார் 140 பேர். ஓவியங் கண்டார் ஒருவருமிலர். கண்டுங் கேட்டும் நினைவுகூர்ந்த இருவரும் பலகையில்லாத இடங்களிற் கிடந்தவர். ஆகவே அவ்வாராய்ச்சி உண்டெனவும் நிறுவவில்லை, இல்லெனவும் நிறுவவில்லை.

மறுபிறப்பிற்கு வருவோம். வர்ஜீனியப் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவர் ஐயன் ஸ்டீவன்சன் 1966-இல் இருபது செய்திகளைத் தொகுத்தார். இந்தியாவினின்று ஏழும் இலங்கையினின்று மூன்றும் அவற்றுள் அடங்கும். முற்பிறவியை நினைவுகூர்வதாகச் சொன்ன குழவிகளின் கூற்றை ஊர்தோறுஞ் சென்று ஒத்துப்பார்த்தவர் அவர். அங்ஙனம் உழைத்தும், தம் நூற்பெயரில் ‘நிறுவுவன’ என்னாது ‘குறிப்பிப்பன’ என்னும் பொருளுடைய சொல்லையே இட்டார். அவ்வடக்கம் இத்துறையிற் பேசுவார் அனைவர்க்கும் பாடமாம்.

இனி இந்நூல்களின் குறையும் கூறற்பாலது. ரோச் அம்மையாரின் நகைச்சுவை அடிக்குறிப்புக்களிலும் ததும்புதலின், சிற்சில இடத்து ஆராய்ச்சியின் கனம் குறைகின்றது. பிளாக்மோர் கருவியின் மாறுபாட்டைக் காட்டி அறிவோனையே நீக்கிவிடுகின்றார். உயிர் கருவிகளோடு கூடியே அறியும் என்னும் சித்தாந்தத்தார்க்கு, கருவி திரியக் காட்சி திரிதல் உடன்பாடேயன்றி மறுப்பன்று. காட்சியளவையொன்றே அளவையெனக் கொள்ளுதல் இந்நூலாசிரியர் பலர்க்கும் பொதுவான குறை. இல்லையென மறுக்கும் அறிவு ஒன்றுண்மையும், எனதுடல் என உடைமையாகக் கூறும் வழக்கும், ஐம்புலனையும் ஒருங்கறிவதொன்று உண்மையும் பற்றி, மெய்கண்ட தேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மையை நிறுவினார். அது கருதலளவையின்பாற்பட்டது, துலையையும் ஓவியப் பலகையையும் எதிர்நோக்கி நிற்பதன்று.

அற்றேல் இந்நூல்களாற் சைவர்க்குப் பயன் என்னையெனின், களை பறித்தலே பயன் என்க. மகவை இழந்த தாயிடம் ஆவியை வரவழைப்பேமெனப் பொருள் கவர்வார் இன்றும் உளர். அவர்தம் வஞ்சனையை அறிதற்குப் பிளம், ரோச் ஆகிய இருவர் நூலும் உற்ற துணையாம். பொய்ச்சான்றினை மெய்ச்சமயத்திற்கு முட்டுக்கொடுத்தல், நல்ல சுவரின்மேல் உளுத்த மரத்தைச் சார்த்துதல் போலும். மரம் விழுங்கால் காண்பார் சுவரையும் ஐயுறுவர். ஆதலின் இந்நூல்களை அளவை பயின்ற பின்னர்க் கற்று, பொருந்துவன கொண்டு, உயிர்க்குயிராய் நிற்கும் இறைவன் திருவருளையே சார்பாகப் பற்றியொழுகுதல் சைவ நன்மக்கட்குக் கடனாம்.