தைப்பதற்கு முன் வரைவது

ஆடை வடிவமைப்பாளர் முதலில் போடும் கோட்டுப்படத்தையும் பத்திரிகைகளில் வரும் ஃபேஷன் ஓவியத்தையும் ஒன்றாக எண்ணுவோர் உண்டு. ஓவியம் பெரும்பாலும் தைத்து முடித்த ஆடையை வாங்குபவர் கண்ணுக்கு விருந்தாக்குகிறது. கோட்டுப்படமோ இன்னும் பிறக்காத ஆடையைத் தைக்கப்போகிறவருக்குச் சொல்கிறது. வடிவமைப்பாளர் போல் புவாரேயின் ஆடைகளை ஜார்ஜ் லெபாப் வரைந்து 1911இல் பாரிஸில் வெளிவந்த தொகுப்பு அழகின் உச்சம். அதை வைத்துக்கொண்டு எந்தத் தையற்காரராலும் துணி வெட்ட முடியாது.

கோட்டுப்படத்திலும் பொய் உண்டு. மனித உடல் சராசரியாகத் தலையின் உயரத்தைப் போல் ஏழரை மடங்கு. வரைதாளில் அது ஒன்பது, பத்து மடங்காகிவிடும். கூடுவது பெரும்பாலும் காலில்தான். பாவாடை விழும் விதம் அதனால் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அளவு கெடுகிறது. அளவுக்கென்று ஆளில்லாத தட்டைப்படம் ஒன்று தனியே வேண்டியிருக்கிறது. முன்பக்கம், பின்பக்கம், டார்ட், ஜிப், தையல் ஓடும் இடம் எல்லாம் அதில் இருக்கும். திருப்பூர் ஆலைகளுக்கு வெளிநாட்டுப் பையர்கள் அனுப்பும் டெக் பேக் என்னும் தயாரிப்பு விவரத் தொகுப்பில் வருவது இந்த வகைப் படமே.

படத்திலிருந்து துணிக்குப் போகும் வழியைக் கிறிஸ்டியன் டியோரிடம் தெளிவாகப் பார்க்கலாம். 1930களில் தம் படங்களைப் பாரிஸ் ஆடை நிறுவனங்களுக்கு விற்றுப் பிழைத்தவர் அவர். 1947 பிப்ரவரியில் சொந்தப் பெயரில் முதல் தொகுப்பைக் காட்டியபோது உலகப் புகழ் வந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் கிராமத்து வீட்டில் ஒதுங்கி நூற்றுக்கணக்கில் கிறுக்குவார். தையல்கூடத் தலைவியர் அவற்றைப் பார்த்து, முதலில் காடாத்துணியில் தைத்துப் பார்ப்பர். நாலு கோட்டில் சொல்லாமல் விட்டதை, தோள் எங்கே ஏற வேண்டும், இடுப்பு எவ்வளவு இறுக வேண்டும் என்பதை, அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பெயர் ஆடையின் லேபிளில் வந்ததில்லை.

டியோரிடம் 1955இல் சேர்ந்த ஈவ் சான் லோரான், பின்னர் தொடங்கிய சொந்த நிறுவனத்தில் கோட்டுப்படத்தை ஆவணமாகவே மாற்றினார். படத்தோடு துணித்துண்டும், தைக்கும் கூடத்தின் பெயரும், அணியும் மாடலின் பெயரும் ஒரே தாளில் இடம்பெற்றன. 2017இல் பாரிஸில் திறந்த அவரது அருங்காட்சியகம் இத்தகைய தாள்களைக் காத்துவருகிறது.

வரையாமலே பெரும்புகழ் பெற்றவர்களும் உண்டு. மதலேன் வியோனே சிறிய மரப்பொம்மைமேல் துணியைச் சுற்றியே வடிவம் கண்டார். கிராஸாக, அதாவது இழைக்கு மூலைவாட்டாக, வெட்டிய துணி எப்படித் தொங்கும் என்று தாள் சொல்லாது. கொகோ ஷனேலும் ஊசியும் கத்திரியுமாக மாடலின் உடம்பிலேயே வேலை செய்தவர்.

திரைப்படத்தில் கோட்டுப்படத்தின் வேலை வேறு: துணி வாங்குமுன் இயக்குநரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ‘காந்தி’ படத்துக்காக 1983இல் ஜான் மோலோவுடன் ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கரைப் பகிர்ந்த பானு அத்தையா, ஓவியப் பள்ளியில் பயின்று, பம்பாய் மகளிர் பத்திரிகைகளுக்கு ஃபேஷன் படம் வரைந்துவிட்டே சினிமாவுக்கு வந்தார்.

இப்போது கணினியில் பேட்டர்ன் துண்டுகளைத் திரையிலேயே தைத்து, உருவப்பொம்மைக்கு அணிவித்துப் பார்க்கிறார்கள். காடாத்துணிச் செலவு குறைகிறது. ஆனால் துணியின் எடை, நெகிழ்வு, விறைப்பு ஆகியவற்றை அளந்து உள்ளிடாவிட்டால் திரையில் விழும் மடிப்பும் கற்பனைதான்.